யோசிக்கட்டும் விடு, மாப்ள

அண்ணே, ரோட்டைப் பார்த்துக்கிட்டே காதை மட்டும் இங்கே குடுங்க. "ஆங்... ஏத்திட்டேன்ப்பா... ஆங்... செயின் போட்டாச்சு... ஆங், ஆங்." யார் குரல்? உங்க குரல்தான்! இப்போ உங்க முதலாளிகிட்டே போன்ல பேசினீங்களே, அதேதான். ஒவ்வொரு 'ஆங்'குக்கும் முன்னால் மூக்கை ஒரு இழு இழுக்கிறீங்க. உங்களுக்கே தெரியாது. பாருங்க, சிரிச்சுட்டீங்க. முதலில் எல்லாரும் சிரிப்பார்கள்.

என் பெயர் யுகேந்திரன். யுகின்னு கூப்பிடலாம். பதினொன்றாம் வகுப்பு. ஹெட்மாஸ்டர் லீவு போட்ட நாளிலும் அவர் குரல் எங்கள் பள்ளி வராந்தாவில் கேட்கும். பாதி வகுப்பு எழுந்து நிற்கும். குக்கர் விசில், பக்கத்து வீட்டு அக்கா பூனையைத் திட்டுவது, பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, எது வேண்டுமானாலும் கேளுங்க. "வத்தலக்குண்டு, பெரியகுளம் மார்க்கமாகத் தேனி செல்லும் பயணிகள் கவனத்திற்கு..." ஒரு தடவை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் நின்று இதைச் சொன்னேன். ஒரு கல்யாணக் கோஷ்டி, சீர்வரிசைத் தட்டோடு, தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டது. உடனே இறங்கிவிட்டார்கள், அண்ணே. நான் என்ன, பிடித்துத் தள்ளியா ஏற்றினேன்?

போற வழியில் ஒரு எடைமேடை வரும். லாரியை நிறுத்தி எடை போடுவாங்களே, அது. மஞ்சள் போர்டு. வந்தால் சொல்லுங்க. சும்மாதான் கேட்கிறேன்.

உங்க வண்டி முதுகில் சங்கிலி போட்டு உட்கார வைத்திருக்கோமே, அது எங்கள் அப்பாவின் வண்டி. சின்ன வயதில் அப்பாவுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிற்று. கட்டை ஊன்றித்தான் நடப்பார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊர் ஊராய், வீடு வீடாய்ப் போகிற வேலை. பின்னால் ரெண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டரில்தான் வருஷக்கணக்காய்ப் போனார், மழையில் நனைந்துகொண்டு. பழைய ஆட்டோமேடிக் கார் ஒன்று கோயம்புத்தூரில் விலைக்கு வருது, கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவர் தாஸ் மாமா.

தாஸ் மாமான்னா அமலதாஸ். மெக்கானிக். அப்பாவும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அப்பா அவரை மச்சான் என்பார், அவர் அப்பாவை மாப்ள என்பார். அந்த வண்டியில் முதல் தடவை மழையில் போனபோது அப்பா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினாராம். "நனையறதுக்கு ஆசைப்பட்டு நனைஞ்சவன் உங்கப்பன் ஒருத்தன்தான்டா" என்பார் தாஸ் மாமா.

ரயில்வே கேட்டா? போட்டுட்டாங்களா? நல்லதாப் போச்சு, நிதானமாய்ச் சொல்லலாம்.

தாஸ் மாமா குரல் இருக்கே, அது அருமையான குரல். பீடி குடிக்காமலேயே பீடி குடித்த குரல். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் ஸ்பேனரைத் தேடுவார். "மாப்ள, அது வந்து..." டங் டங் டங்... "வந்து, ஒண்ணுமில்ல." அந்த டங் டங்கை நான் நாக்கிலேயே செய்வேன். ஆனால் அந்தக் குரலை நான் யாருக்கும் செய்து காட்டவில்லை. வைத்திருந்தேன். பலகாரத் தட்டில் நல்லதைக் கடைசிக்கு வைப்போமில்லையா, அந்த மாதிரி.

பள்ளிக்கூடம் விட்டால் அவர் ஷெட்டுக்குத்தான் போவேன். ஐப்பசி மாசம், ஒரு சாயங்காலம். அவர் ஒரு ஜீப்பை ஓட்டிப் பார்க்க வெளியே போயிருந்தார். போன் சார்ஜரில் கிடந்தது. அடித்தது. பார்த்தால் 'மாப்ள' என்று வருது. எங்கள் அப்பா!

நீங்களாயிருந்தால் எடுக்காமல் இருப்பீங்களா? சத்தியமாய்ச் சொல்லுங்க.

"மாப்ள, சொல்லு" என்றேன். அவ்வளவுதான், குரல் தானாய்ப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

"மச்சான், நேத்தில இருந்து ரிவர்ஸ் போட்டா வண்டி உடனே நகர மாட்டேங்குது. கொஞ்ச நேரம் யோசிக்குது, அப்புறம் ஒரு குலுக்குக் குலுக்கிட்டுப் போகுது."

"யோசிக்கட்டும் விடு, மாப்ள. வயசாச்சில்ல? காலைல எந்திரிக்கிறதுக்கு நீயும் நானும் எவ்வளவு யோசிக்கிறோம்!"

அப்பா சிரித்தார், அண்ணே. அப்பா சிரித்து நீங்க கேட்டதில்லை. முதலில் சத்தமே வராது, அப்புறம் மூச்சு வாங்கும், கடைசியில்தான் சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டு, "எதுக்கும் ஆயில் பாத்துருவோமா?" என்றார்.

"அது வந்து..." டங் டங் டங்... "ஒண்ணுமில்ல மாப்ள. ஓட்டு நீ. நான் வரச் சொல்றப்ப வா."

டங் டங்கிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். 'டேய் யுகி, நீயா!' என்பார், ரெண்டு பேரும் சிரிப்போம் என்று நினைத்தேன். அவர் "சரி மச்சான்" என்று வைத்துவிட்டார். அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாய் உட்கார்ந்துகொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்பா உட்கார்ந்ததும் அம்மாவிடம் ஆரம்பித்துவிட்டார். "தாஸ் என்ன சொன்னான் தெரியுமா? யோசிக்கட்டும் விடுங்கிறான்!" அம்மா சாம்பார் கரண்டியோடு நின்று சிரிக்கிறாள். அடுத்த நாள் மாடி வீட்டுக்காரரிடம் சொன்னார். அப்புறம் ஆபீசில். அப்புறம் பெட்ரோல் பங்கில். அது தாஸ் மாமா சொன்ன ஜோக்காகவே ஊர் முழுக்கப் போய்விட்டது. என் ஜோக், அண்ணே! நான் சொன்னது! அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அப்புறம் வண்டி கூடுதலாய் யோசிக்க ஆரம்பித்தது. வீட்டிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான்தான் தெருவில் நின்று கை காட்டுவேன், கண்டக்டர் குரலில். "வரட்ட்ட்டும்... வரட்ட்ட்டும்..." வண்டி வரவே வராது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், இஞ்சின் கத்தும், திடீரென்று எகிறும். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, வரமாட்டேன் என்று முடிவு பண்ணிவிட்டது. முன்னால் போகும், பின்னால் வராது. ஆனால் ரிவர்ஸ் பாட்டு இருக்கில்லையா, டிங் டிடிங் டிடிங் என்று, அது மட்டும் ஜோராய்ப் பாடும். பாட்டு வரும், வண்டி வராது.

அப்பா அதற்கும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. "தாஸ் வரச் சொல்றேன்னான். அவனுக்குத் தெரியாததா?" அப்படி ஒரு நம்பிக்கை. நான் என்ன செய்ய? அந்த மனுஷர் இவரை வரச் சொல்லவே மாட்டார், அவருக்கு விஷயமே தெரியாதே. அது மழைக்காலம் வேறு, ஷெட்டில் வண்டி நிறைய, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

ரிவர்ஸ் இல்லாமல் எப்படி வாழ்வது என்று அப்பா கற்றுக்கொண்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் மூக்கு வெளியே இருக்கிற மாதிரி நிறுத்துவார். சந்துக்குள் போகமாட்டார். திரும்பவேண்டும் என்றால் பெட்ரோல் பங்கில் நுழைந்து, காற்று அடிக்கிற பையனுக்கு ஒரு வணக்கம் போட்டு, அந்தப் பக்கம் வெளியே வருவார். வழியே இல்லாத இடத்தில் நான். நியூட்ரலில் போட்டுவிட்டு, "ரிவர்ஸ் கியர் சார், கொஞ்சம் இறங்குங்க" என்பார். நான் இறங்கித் தள்ளுவேன். ஜாலியாய்த்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, எனக்கும் அப்பாவுக்கும் அந்த மாதிரி ஒரு காலம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அதனாலும்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கேட் திறந்துட்டாங்க, போலாம்.

கார்த்திகையில் அப்பாவின் பழைய கஸ்டமர் ஒருவர் இறந்துவிட்டார். பெரியவர், ஊரில் மரியாதையானவர். அப்பா மாலை வாங்கிப் பின் சீட்டில் வைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டார், ரிவர்ஸ் கியர் வேண்டுமே. வீடு ஒரு சந்துக்குள். அப்பா சந்து முனையில் நிறுத்திவிட்டு நடக்கலாம் என்றுதான் பார்த்தார். மழையில் தரை முழுக்கச் சேறு, கட்டை வழுக்கும். "அந்தப் பக்கம் ரோடு ஏறும்டா, நேராப் போய் வெளியேறிடலாம்" என்று உள்ளே விட்டார்.

பாதிச் சந்தில் மேளச் சத்தம். எடுத்துவிட்டார்கள், அண்ணே! நாங்கள் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். எதிரே பாடை வருது. முன்னால் மேளம், பூ, வெடி. ரெண்டு பக்கமும் சுவர். ஒரு சைக்கிள்கூட ஒதுங்க முடியாது.

மேளம் நின்றது. "வண்டியைப் பின்னால எடுங்கய்யா!" என்று ஒருவர் சொன்னார், மரியாதையாகத்தான். அப்பா கையைக் கூப்பினார். என்ன சொல்வார்? வீட்டை விட்டு எடுத்த உடம்பு பின்னால் போகக்கூடாது, ஒரு எட்டுக்கூடப் பின்வாங்கக்கூடாது. அவர்களும் பின்னால் வரமுடியாது, நாங்களும் போகமுடியாது. தூக்கினவர்கள் தோளில் கனம், முகமெல்லாம் வேர்வை. "எடுங்கய்யா" என்பது "எடுய்யா" ஆகி, அப்புறம் "எடுடா" ஆயிற்று.

அப்போதுதான் அப்பா அதைச் செய்தார். எந்த நப்பாசையோ, லீவரைப் பிடித்து ரிவர்ஸில் போட்டார்.

டிங் டிடிங் டிடிங்.

பாடைக்கு நேர் எதிரே, அண்ணே. கல்யாண வீட்டு பாண்டு மாதிரி. வண்டி ஒரு இம்மி நகரவில்லை. பாட்டு மட்டும் போகுது. லீவர் அங்கேயே மாட்டிக்கொண்டது, நிறுத்த முடியவில்லை. எனக்கு... எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை. என் உடம்பு அப்படி. கதவைத் திறந்து இறங்கி, தள்ளத்தான் இறங்கினேன், ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. செத்தவர் மகன் வந்து ஓங்கி ஒரு அறை விட்டார். காது ரெண்டு நாள் கேட்கவில்லை. அது சரிதான், அதை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அப்பா அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று இறங்கி வர அவரால் முடியாதே. கட்டையை எடுக்கவேண்டும், கதவு சுவரில் முட்டும்.

அப்புறம் ஆட்கள் சேர்ந்து வண்டியைப் பின்னால் தள்ளினார்கள், அப்பாவை உள்ளே வைத்தே. அவர் இறந்தவரைப் பார்த்தபடி பின்னாலேயே போனார். பாடை முன்னால் வர வர, இவர் பின்னால் போகப் போக, சந்து முடிகிற வரைக்கும் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டபடியே போனார். மாலை பின் சீட்டிலேயே கிடந்தது. நான் பானெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தேன், அவர் முகத்துக்கு நேராக. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும்தான்.

அன்றைக்கே ஷெட்டுக்குப் போனோம். வண்டியை ஓட்டிப் பார்த்த தாஸ் மாமா குச்சியை உருவி ஆயில் பார்த்தார், மோந்து பார்த்தார். "கருகிப்போச்சு மாப்ள. எங்கயோ சீல் கசிஞ்சு ஆயில் குறைஞ்சிருக்கு. அப்பவே வந்திருந்தா சின்ன வேலை. இப்ப உள்ள பிளேட்டெல்லாம் எரிஞ்சிருக்கும். ஏன்டா வரல?"

"ஏன் வரலையா? நீதானடா ஓட்டச் சொன்ன!"

"நானா? எப்ப?"

"யோசிக்கட்டும் விடுன்னு நீ சொல்லல?"

"சத்தியமா இல்ல மாப்ள."

அப்பா போனை எடுத்து நீட்டினார். "இந்தா, உன் நம்பர். இவ்வளவு நேரம் பேசியிருக்கோம். உன் குரல் எனக்குத் தெரியாதாடா?" தாஸ் மாமா தன் போனையும் பார்த்தார். அதிலும் இருந்தது. 'மாப்ள', தேதி, நேரம்.

நான் அங்கேதான் டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். ஏன் சொல்லலைன்னு கேட்பீங்க. பெரியவங்க ரெண்டு பேர் கத்திக்கிட்டிருக்கும்போது நடுவில் பேசுவது மரியாதையா, அண்ணே?

தாஸ் மாமா அந்தப் போனையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாய்ச் சொன்னார். "சொல்லியிருப்பேன் மாப்ள. எனக்குத்தான் ஞாபகம் இல்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

"நடிக்காதடா" என்றார் அப்பா.

"கோயம்புத்தூர்ல பழைய கியர்பாக்ஸ் கிடைக்கும். நானே மாத்தித் தர்றேன்."

"உன் கை இனிமே என் வண்டியில படவேண்டாம்."

வேறு ஆளை வைத்து வண்டியை வீட்டுக்கு இழுத்துவரச் செய்துவிட்டு, நாங்கள் ஆட்டோவில் வந்தோம். அதற்குப் பிறகு தாஸ் மாமா பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோபம் தணியும், சேர்ந்துகொள்வார்கள். தாஸ் மாமாவோ தனக்கு மறதி வந்துவிட்டது என்பதையே பிடித்துக்கொண்டார். சக்கரத்தில் நட்டு முடுக்கினால் திரும்ப முடுக்குகிறார். வண்டிக்காரர் ஓட்டிக்கொண்டு போன பிறகு பைக்கில் பின்னாலேயே துரத்திப் போய், வழியில் நிறுத்தி, இன்னொரு தடவை முடுக்கிப் பார்க்கிறார். கியர்பாக்ஸ் வேலை எடுப்பதில்லை. ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும். ரீத்தா அத்தை, அவர் சம்சாரம், எங்கள் அம்மாவைக் கோயில் வாசலில் பார்த்து அழுதார்களாம். நாளைக்குக் காலையில் மதுரைக்குப் போகிறார்கள், மண்டையில் ஸ்கேன் எடுக்க.

ஸ்கேன் எடுக்கச் சொன்னது நானா? எடுத்தால் ஒன்றும் இல்லை என்றுதான் வரப்போகுது. நல்லதுதானே? ஒன்றும் இல்லை என்று வந்தால், அப்புறம் அவர் என்ன நினைப்பார் என்றுதான்... சரி, விடுங்க.

போன வாரம் ஒரு நாள் ஷெட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன், நம்புங்க. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "யுகி, எல்லாரையும் மாதிரியும் பேசறியே, என்னை மாதிரி ஒரு தடவை பேசிக் காட்டேன்டா. நான் எப்படிப் பேசறேன்னு கேக்கணும்" என்றார். சிரிக்காமல் கேட்டார். அவருக்கு என் மிமிக்ரி என்றால் அவ்வளவு பிடிக்கும், அதனால்தான் கேட்டிருப்பார். "தொண்டை கட்டியிருக்கு மாமா" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "சரி. தொண்டை சரியானதும் வா" என்றார்.

இன்றைக்குக் காலையில் நீங்க வந்தப்போ அப்பா வெளியே வந்தாரா? வரலை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றார். பழைய வண்டி உடைக்கிறவர்களுக்கு விற்ற பிறகு எதற்குப் பார்ப்பது என்று அம்மாவிடம் சொன்னார். "நீ கூடப் போ. சாவியைக் குடுத்துட்டு பஸ்ல வந்துரு." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பழைய ஸ்கூட்டரைக் கொல்லையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார், பார்த்தீங்களா? வாசலில் நின்றதே. மழை இன்னும் விடவில்லை. நாளையிலிருந்து அதில்தான்.

சாயங்காலத்துக்குள் இதை வெட்டிவிடுவாங்கதானே, அண்ணே? இன்றைக்கேவா?

அண்ணே... இப்போ ஏதோ மஞ்சளாய்ப் போச்சே, என்ன அது? எடைமேடையா? சொல்லச் சொன்னேனே! கதை கேட்டுக்கிட்டே தாண்டிட்டீங்களா? இல்லை, உங்க மேல் தப்பில்லை. நான்தான் பேசிக்கிட்டே வந்துட்டேன்.

நிறுத்துங்க. ஓரமாய். கண்ணாடியில் பாருங்க, எடைமேடைக்கு அடுத்தாற்போல ஒரு தகர ஷெட், பாதி ஷட்டர். உள்ளே லைட் எரியுது. ஆமா, தாஸ் மாமாதான். அங்கேதான் விடணும், இந்த வண்டியை. வேற எங்கேயும் இல்லை. உங்க முதலாளிகிட்டே அப்பாவைப் பேசச் சொல்றேன். அப்பாகிட்டே நான் பேசறேன். முதலில் அவர்கிட்டே பேசணும். போனா? வேண்டாம்ணே, போன் வேண்டாம். போனில் யார் குரல் வரும்னு எனக்கே தெரியாது. நேரில் போய், தொண்டை சரியாயிருச்சு மாமான்னு சொல்றேன். அப்புறம் அந்த டங் டங்கையும் செஞ்சு காட்டிடறேன். அவர் அடிச்சாலும் அடிக்கட்டும், இந்தக் காது இப்போ நல்லாத்தான் கேட்குது.

பின்னால் ஒரு வண்டியும் இல்லை. இருங்க, இறங்கி நிற்கிறேன். உங்க வண்டியில் ரிவர்ஸ் இருக்குதில்ல?

எடுங்கண்ணே. ஒடிக்காம, நேரா. வரட்டும்... வரட்டும்...